இறந்தவரை ஸ்கேன் எடுப்பது எப்படி: கொங்குப் பகுதியில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்கு

கோவை, சேலம், பெருந்துறை, கரூர், நாமக்கல், திருப்பூர் என்று நம் பக்கத்தில் மருத்துவக் கல்லூரிகள் பெருகிவிட்டன. அங்கே தடய மருத்துவம் படிக்க வரும் இளம் மருத்துவர்களும், உயிரோடு இருப்பவர்களை மட்டுமே படமெடுத்துப் பழகிய ரேடியோகிராபர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். செத்த உடம்பை ஸ்கேனில் (பெரும்பாலும் சி.டி., அதாவது எக்ஸ்ரே கொண்டு உடலை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கும் மெஷினில்) வைத்தால் என்ன தெரியும், அதை எப்படிச் செய்வது? அவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு சாவு நேர்ந்து, மார்ச்சுவரி வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருக்கும் சொந்தக்காரர்களும் படிக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் வந்துவிட்டால் கத்தியே வேண்டாம் என்று நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள். கத்தி எந்த இடத்துக்குப் போக வேண்டும், எந்த இடத்தைத் தொடாமல் விடலாம் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இதன் முதல் பயன். இரண்டாவது பயன், அறுப்பதற்கு முன்பு உடல் எப்படி இருந்ததோ அப்படியே அதைப் பதிந்து வைப்பது. மின்மயானத்தில் எரித்துவிட்ட உடலை மறுபடி பார்க்க வழி கிடையாது. ஸ்கேன் படம் இருந்தால், பல வருடம் கழித்து நீதிமன்றம் கேட்டாலும் வேறொரு மருத்துவர் அதைத் திறந்து புதிதாகப் பார்க்கலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை நாலு வரியில் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் தடய மருத்துவ நிறுவனத்தில், 1990களின் கடைசியில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபரும் மைக்கேல் தாலியும் சேர்ந்து 'வர்டாப்ஸி' (கத்தி இல்லாமல் படத்திலேயே உடலை ஆராய்வது) என்ற பெயரில் முறையாகத் தொடங்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானிலும் தனியாக வளர்ந்தது. இந்தியாவில் 2021 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸில் இதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். நம் பக்கம் பெரும்பாலும் இதற்கென்று தனி மெஷின் கிடைக்காது. உயிருள்ளவர்களுக்கான மெஷினில் நேரம் கேட்டு வாங்கித்தான் செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த நிலைமையை மனதில் வைத்துத்தான்.

எந்த உடலுக்கு ஸ்கேன் கேட்பது

எல்லா உடலுக்கும் கேட்காதீர்கள். மெஷின் நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

கேட்க வேண்டியவை இவை: சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுந்தது, துப்பாக்கிக் காயம், கழுத்தில் சந்தேகம் உள்ள சாவு, காவலில் சாவு, எரிந்து கரிந்த அல்லது அழுகிய அடையாளம் தெரியாத உடல், அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் குழந்தை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசநோய் இருந்திருக்கலாம் என்று தோன்றும் உடல். உடலை வைத்த பையைத் திறக்காமலேயே நுரையீரலில் குழி இருப்பது தெரிந்துவிட்டால், அறுக்கும் மருத்துவரும், பக்கத்தில் நின்று உதவும் பிணவறை ஊழியரும் அதற்கேற்ற முகக்கவசத்தோடு உள்ளே போகலாம். அந்த ஊழியரின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கவலைப்படுங்கள்.

விஷம் என்றால் ஸ்கேன் கேட்டுப் பயனில்லை. கொங்குப் பகுதியில் எந்த மருத்துவமனையைக் கேட்டாலும் சாணிப்பவுடர் என்பார்கள். வாசல் தெளிக்க வைத்திருக்கும் அந்தச் சாயத்தூள் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பதை இங்கே வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். படத்தில் அது தெரியாது. பூச்சிமருந்தும் தெரியாது. அதற்கு உள்ளுறுப்புகளையும் ரத்தத்தையும் எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

தாராபுரம், கோபி மாதிரி ஊர்களில் சி.டி. நேரம் கிடைக்கவில்லை என்றால் சாதாரண எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். நாட்டுத் துப்பாக்கியில் சுட்ட ரவை எத்தனை, எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காட்ட அது போதும். குழந்தையின் எலும்பில் பழைய முறிவு ஆறிய தழும்பைக் காட்டவும் போதும்.

முதல் படி: காகிதம்

ஸ்கேன் எடுக்கலாமா என்று முடிவு செய்வது ரேடியோகிராபர் வேலை இல்லை. போலீஸ்காரர் வாயால் சொன்னார் என்று மேசையில் ஏற்றாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சந்தேகச் சாவில் போலீஸ் விசாரணைக்கு முன்பு 174 என்று எழுதினோம். இப்போது பிரிவு 194. காவலில் நடந்த சாவு என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை, பிரிவு 196. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு, அது முடியாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் இவ்வளவுதான். பிரேத விசாரணை அறிக்கையின் நகல். உடற்கூராய்வு செய்யப்போகும் மருத்துவர் கையெழுத்திட்டு, எந்தப் பகுதியை, எந்தக் கேள்விக்காக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று எழுதிய கடிதம். ஸ்கேன் மையப் பொறுப்பாளரின் ஒப்புதல். அரசு மருத்துவமனைகளில் இந்த மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துவதால் அவர்களிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். போலீஸ் வழக்கு இல்லாமல், மருத்துவமனையில் நோயால் இறந்தவரின் காரணத்தை அறிய எடுப்பதாக இருந்தால், நெருங்கிய வாரிசின் எழுத்துச் சம்மதம்.

அந்தக் கடிதத்தில் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். 'முழு உடல் ஸ்கேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பிக் கேளுங்கள். கிணற்றில் எடுத்தார்களா, மரத்திலிருந்து விழுந்தாரா, எத்தனை மணிக்குக் கடைசியாக உயிரோடு பார்த்தார்கள், மூச்சுக்குக் குழாய் போட்டு நெஞ்சை அமுக்கினார்களா, உடல் எவ்வளவு நேரம் ஃப்ரீசரில் இருந்தது? இந்த ஐந்தும் தெரியாமல் படத்தைப் படித்தால் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் படிப்பீர்கள்.

இரண்டாவது படி: உடலை அழைத்து வருதல்

நேரத்தை இரவில், ஓ.பி. (புறநோயாளிகள்) கூட்டம் ஓய்ந்த பிறகு வையுங்கள். உயிருள்ள நோயாளிக்கு எப்போதும் முதலிடம். பக்கவாதத்தில் ஒருவர் வந்துவிட்டால் நம் வேலை நிற்க வேண்டும். காத்திருக்கும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பார்க்கும்படி உடலைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. பின்வாசல் இருந்தால் அந்த வழியில் வர அனுமதி வாங்கி வையுங்கள்.

பை விஷயத்தில் கவனம். கசியாத இரட்டைப் பை, ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோக ஜிப் படத்தில் கோடு கோடாக இழுத்து, கழுத்தெலும்பையே மறைத்துவிடும். பை மூடியபடியே மேசைக்கு வர வேண்டும், மூடியபடியே திரும்ப வேண்டும். திறக்க வேண்டிய அவசியம் வந்தால் யார் திறந்தார், எத்தனை மணிக்கு, யார் முன்னால் என்று எழுதுங்கள். முத்திரை எண்ணையும் எழுதுங்கள்.

நகை, துணி, அரைஞாண் கொடி, தாயத்து எதையும் கழற்றாதீர்கள். உயிருள்ளவர்களுக்குச் செய்கிற பழக்கத்தில் கை தானாக மூக்குத்திக்குப் போகும். இங்கே அது சான்று. கழுத்தைச் சுற்றிக் கயிறு இருந்தால் முடிச்சோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்; முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது என்பதே சில வழக்குகளில் முழுக் கேள்வியாகிவிடும்.

பெயரை நம்பாதீர்கள். நம் பக்கம் பழனிசாமி, பொன்னுசாமி என்று ஒரே நாளில் இரண்டு உடல் வருவது சாதாரணம். கால் கட்டைவிரலில் கட்டிய அட்டை, பி.எம். எண் (போஸ்ட்மார்ட்டம் எண்), காவல் நிலையக் குற்ற எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மெஷினில் நோயாளி பெயர் கேட்கும் இடத்தில் பி.எம். எண்ணை அடியுங்கள். கூடவே வரும் போலீஸ்காரர் கன்ட்ரோல் அறையில், உங்கள் கண்ணெதிரே உட்காரட்டும்.

மூன்றாவது படி: மேசையில்

இறந்தவருக்குக் கதிர்வீச்சால் இனி தீங்கு இல்லை. ஆகவே உயிருள்ளவர்களுக்குக் குறைத்து வைக்கும் டோஸை இங்கே தாராளமாக ஏற்றி, படத்தைத் தெளிவாக எடுக்கலாம். ஆனால் அறைக்குள் நிற்கும் ஊழியருக்கு அந்தச் சலுகை கிடையாது. உடலைப் பிடித்துக்கொண்டு யாரும் உள்ளே நிற்கக் கூடாது. கதவை மூடுங்கள், உங்கள் மேல் விழும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரைப் போட்டிருங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் மேசையில் யார் படுத்திருந்தாலும் ஒன்றுதான்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். விறைப்பு ஏறிய உடலில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது; பலவந்தமாக மடக்கினால் தோள் எலும்பில் நீங்களே காயம் உண்டாக்கிவிடுவீர்கள். கை எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். தலையையும் கழுத்தையும் தனியாக, மார்பு வயிறு இடுப்பைத் தனியாக, கால்களைத் தனியாக எடுங்கள். பெரும்பாலான மெஷின்கள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே ஓட்டத்தில் எட்டாது. கடைசியில் உடலைத் தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பி வைத்துக் கால்களை எடுக்க வேண்டியிருக்கும். திருப்பியதைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் இடது வலது மாறிப்போகும்.

எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 120 கே.வி., ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய ஸ்லைஸ் (படத்துண்டு). கழுத்துக்கும் முகத்துக்கும் இன்னும் மெல்லியதாக எடுக்க முடிந்தால் எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் எலும்புக்கு, மென்திசுவுக்கு, நுரையீரலுக்கு என்று மூன்று விதமாக மறுபடி உருவாக்கிச் சேமியுங்கள். குண்டோ ரவையோ தகடோ உள்ளே இருந்தால், உலோகக் கோடுகளைக் குறைக்கும் வசதி மெஷினில் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அப்படிச் செய்ததையும் செய்யாததையும் இரண்டையும் வைத்திருங்கள்.

கான்ட்ராஸ்ட், அதாவது ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து பற்றி ஒரு வார்த்தை. இதயம் ஓடாத உடலில் கை நரம்பில் மருந்து ஏற்றினால் அது எங்கும் போகாது. தொடை ரத்தக்குழாயில் குழாய் போட்டு, எண்ணெய் கலந்த மருந்தைப் பம்ப் வைத்து ஓட்டும் முறை இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் குழுவினர் இதய ரத்தக்குழாய்களுக்கு மருந்து செலுத்தும் முறையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது உடல்களில் சாவுக்குக் காரணம் சொல்ல முடிந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள். புதிதாக வருகிறவர் அதில் கைவைக்க வேண்டாம். மருந்து ஏற்றினால் ரத்தத்தின் வேதிப் பரிசோதனை கெட்டுப்போகும். ஏற்றுவதற்கு முன் மாதிரி எடுத்துவிட்டார்களா என்று கேட்கத் தெரிந்திருந்தால் இப்போதைக்குப் போதும்.

நான்காவது படி: படத்தைப் படித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அவர்கள் படித்ததெல்லாம் உயிருள்ளவர் படம். சாவு உடலுக்குள் என்னென்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆரோக்கியமான மனிதர் விபத்தில் இறந்தாலும் அவருக்கு நிமோனியா, மூளை வீக்கம், குடல் அழுகல் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள்.

ரத்தம் தாழ்வான பக்கம் இறங்கும். முதுகில் ஊதா நிறமாகத் தெரிகிறதே, அதேதான் உள்ளேயும் நடக்கிறது. நுரையீரலின் பின்பாதி மங்கலாக, படலம் படர்ந்ததுபோல் வெளுத்திருக்கும். அது நிமோனியா இல்லை. முன்பக்கத்திலிருந்து முதுகுப் பக்கமாகப் படிப்படியாக வெளுப்பு கூடுகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ரத்தம் இறங்கியதுதான். ஒரே ஒரு மடலில், முன்பக்கத்திலும் திட்டாக இருந்தால்தான் நோயைச் சந்தேகியுங்கள். இதய அறைகளிலும் பெரிய ரத்தக்குழாய்களிலும் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க, நேர்கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரியும். மகாதமனியின் சுவர் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். இரண்டையும் பார்த்து 'சுவர் கிழிந்து ரத்தம் புகுந்திருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள்.

மூளையில் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே உள்ள எல்லை நேரம் போகப் போக மங்கும். உயிருள்ளவரில் இது பெரிய ஆபத்தின் அடையாளம். இங்கே நேரம் கடந்ததின் அடையாளம். உடல் உறைந்துபோயிருந்தால் மூளைப் படத்தை வைத்து எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

காற்று. உடல் அழுகத் தொடங்கியதும் முதலில் குடல் சுவரிலும், ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும், இதயத்திலும் வாயு சேரும். சித்திரையில் கரூர் வெயிலில் கிடந்த உடலுக்கும், வால்பாறைக் குளிரில் அதே நேரம் கிடந்த உடலுக்கும் இதில் ஏக வித்தியாசம் இருக்கும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கை நம் கோடைக்கு அப்படியே வைத்தால் ஒத்துவராது. ஈரோட்டுப் பக்கம் பங்குனி முடிந்துவிட்டால் ஒரு பகல் வெளியில் கிடந்த உடலில் வாயு இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் இறந்து சற்று நேரமே ஆன உடலில், கழுத்துச் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) வெட்டுப்பட்டு, இதயத்தின் வலப்பக்கம் மட்டும் காற்று நிறைந்திருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வெட்டு வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டிருக்கலாம். அறுத்த பிறகு இதை நிரூபிப்பது கடினம், படத்தில் எளிது. உடனே உடற்கூராய்வு மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

காப்பாற்ற முயன்றவர்களின் தடயமும் உடலில் இருக்கும். நெஞ்சை அமுக்கியதில் விலா எலும்புகள் முன்பக்கம், இரண்டு பக்கமும் வரிசையாக முறிந்திருக்கும், மார்பெலும்பும் முறியலாம். இரைப்பை காற்றால் ஊதியிருக்கும். இதைத் தாக்குதல் என்று எழுதினால் ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் வீணாகக் காவல் நிலையம் போக வேண்டிவரும். பின்பக்க விலா முறிவு, ஒரு பக்கம் மட்டும் கூட்டமாக முறிவு என்றால் கதை வேறு. மூச்சுக்காகப் போட்ட குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, உணவுக்குழாயில் போயிருக்கிறதா என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். யாரையும் காப்பாற்றவும் வேண்டாம், மாட்டிவிடவும் வேண்டாம்.

நம் ஊர்ச் சாவுகள் சில

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும், இடுப்பு முறியும், முதுகெலும்பு நசுங்கி உடையும். தலைகீழாக விழுந்தால் மண்டையோடும் கழுத்தெலும்பும். வழக்கமான போஸ்ட்மார்ட்டத்தில் தலை, மார்பு, வயிறு திறப்பார்கள். பாதத்தையோ முகத்தெலும்பையோ முதுகெலும்பின் பின்பக்கத்தையோ பெரும்பாலும் திறப்பதில்லை. முகத்தை அறுத்தால் வீட்டார் கடைசியாகப் பார்க்கும் முகம் கெட்டுவிடும். அறுக்காமலேயே அந்த இடங்களைக் காட்டுவதில் ஸ்கேனை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. விழுந்தாரா, அடித்துக் கீழே போட்டார்களா என்ற கேள்விக்கு விடை பல நேரம் குதிகாலில் இருக்கிறது.

கிணறு நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். பாறையைக் குடைந்து வெட்டிய ஆழமான, பக்கச்சுவர் கரடுமுரடான கிணறு. தண்ணீரில் மூழ்கி இறந்தாரா, விழும்போதே பாறையில் அடிபட்டு இறந்தாரா, இறந்த பின் தள்ளினார்களா? படத்தில் பார்க்க வேண்டியவை: மூச்சுக்குழாயில் நுரையும் நீரும், முகத்தெலும்புக் குழிகளிலும் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் அறைகளிலும் நீர், இரைப்பையில் நீர். மூச்சுக்குழாயில் மணலோ சேறோ அடியில் தங்கி வெளுத்துத் தெரிந்தால் அது கனமான குறிப்பு. ஆனால் இதில் எந்த ஒன்றும் தனியாக நின்று 'மூழ்கினார்' என்று சொல்லாது. நீருக்குள் நெடுநேரம் கிடந்த எந்த உடலிலும் குழிகளில் நீர் ஏறலாம். இதயம் செயலிழந்தவருக்கும் மூச்சுக்குழாயில் நுரை வரும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் அடித்துக்கொண்டு வந்த உடலில் மதகிலும் பாலத்திலும் மோதிய காயங்கள் வேறு சேரும். ஆகவே அறிக்கையில் 'மூழ்கியதோடு ஒத்துப்போகிறது' என்ற அளவில் நிறுத்துங்கள். டயாட்டம் சோதனையும் (நீரில் வாழும் நுண்பாசி உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பது) அறுவையும் மிச்சத்தைச் சொல்லட்டும்.

தொங்கிய உடலில் நாவடி எலும்பை (நாக்குக்கு அடியில், தொண்டைக்கு மேலே உள்ள லாட வடிவ எலும்பு) பார்க்கச் சொல்வார்கள். அதன் கொம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையே பலருக்கு வயதான பிறகும் எலும்பு சேராமல் இடைவெளி இருக்கும். ஓரம் வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது இயல்பான அமைப்பு. ஓரம் கூர்மையாக, விலகி இருந்தால் முறிவு. கழுத்துத் தசைக்குள் கசிந்த சிறு ரத்தம் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. அதைக் காட்டலாம், ஆனால் குளிரவைத்த உடலில் எம்.ஆர்.ஐ. படத்தின் வெளுப்பு கறுப்பு அளவுகளே மாறிவிடும் என்பதால் அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டும். கழுத்துச் சாவில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் அறுவைக்கு இன்றுவரை ஈடில்லை.

சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டு, அடையாள அட்டை எதுவும் இல்லாமல் வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூர் வட்டாரத்தில் அதிகம். எலும்பில் பழைய தகடு, திருகு, பல்லில் அடைத்த அடைப்பு, நெற்றியெலும்புக் குழியின் வடிவம் எல்லாவற்றையும் தனிப் பக்கமாக எழுதி வையுங்கள். பழைய எக்ஸ்ரே ஒன்று சொந்த ஊரிலிருந்து வந்தால், நெற்றிக் குழியை ஒப்பிட்டே அடையாளம் சொல்லிவிடலாம். வயதைக் கணிக்கக் கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனையையும் கடைவாய்ப் பற்களையும் பாருங்கள். ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எங்கே போனான் என்று தெரியாமலே போய்விடக் கூடாது.

வயிற்றிலேயே இறந்த சிசு, பிறந்ததும் இறந்த குழந்தை என்றால் சி.டி.யைவிட எம்.ஆர்.ஐ. நல்லது. 2013-இல் லண்டனில் வெளியான ஆய்வில், 400 சிசுக்கள், குழந்தைகளில் எம்.ஆர்.ஐ.யும் நஞ்சுக்கொடி, ரத்தச் சோதனைகளும் சேர்ந்து பத்தில் ஒன்பது பேரில் அறுவை சொன்னதையே சொன்னன. குழந்தையை அறுக்கச் சம்மதிக்காத பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அவர்களுக்கு விடை வேண்டும்.

எதில் ஸ்கேன் ஏமாற்றும்

திடீர் மாரடைப்பு. நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைப்பது. இரண்டையும் சாதாரண சி.டி. தவறவிடும். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதைக் காட்டும், ஆனால் அன்று அடைத்த புதுக்கட்டியைக் காட்டாது. இறந்த பின் இயல்பாக உறைந்த ரத்தத்தையும் உயிரோடிருந்தபோது அடைத்த கட்டியையும் பிரிக்காது. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருந்தால் மட்டும் பளிச்சென்று காட்டும்.

2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வை ஒவ்வொரு புதியவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 182 உடல்களை சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, பிறகு அறுத்துப் பார்த்தார்கள். சாவுக்கான காரணத்தில் பெரிய வேறுபாடு சி.டி.யில் 32 சதவீதம், எம்.ஆர்.ஐ.யில் 43 சதவீதம். தவறவிட்டவற்றில் முதலில் நிற்பவை இதய ரத்தக்குழாய் நோய், நுரையீரல் அடைப்பு, நிமோனியா, வயிற்றுக்குள் இருந்த கோளாறுகள். ஆனால் ரேடியாலஜிஸ்ட் 'எனக்கு உறுதி, அறுக்க வேண்டாம்' என்று சொன்ன உடல்களில் சி.டி.யின் வேறுபாடு 16 சதவீதமாகக் குறைந்தது. எப்போது உறுதியாகச் சொல்லலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் இந்த முறை நம்பத்தக்கது.

ஐந்தாவது படி: அறிக்கையும் கோப்பும்

அறிக்கையை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். காயமும் நோயும். சாவுக்குப் பின் இயல்பாக வந்த மாற்றம். சிகிச்சையால் வந்தது. சாவுக்கான காரணத்தை நீங்கள் எழுத வேண்டாம்; அது உடற்கூராய்வு மருத்துவரின் கையெழுத்து. கடிதத்தில் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

படங்களை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான மூல வடிவம்) வடிவிலேயே, சுருக்காமல் வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்கும் இடம் இருக்கிறது. ஸ்கேன் முடிந்த அன்றே ஹாஷ் எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பின்னால் அலைய வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூடப் போகக் கூடாது. இதில் நான் யாருக்கும் தளர்வு தரமாட்டேன். சந்தேகம் கேட்பதற்காக என்றாலும் கூடாது, பெயரை மறைத்தாலும் கூடாது. இறந்தவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அவருக்காகச் சொல்ல அந்த அறையில் நம்மைத் தவிர ஆளில்லை.

வீட்டாரிடம் பேசுவது

எழவு வீட்டுக்காரர்களுக்கு அன்று இரண்டு கவலைதான். எப்போது தருவார்கள், எவ்வளவு அறுப்பார்கள். பங்காளிகள், மாமன் மச்சான் எல்லாரும் வந்து காத்திருக்க, பொழுது இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். வெளியே வந்து ஒருவராவது பேசுங்கள்.

"ஏனுங் டாக்டரு, அறுக்காமயே பாத்துப்போட முடியாதுங்களா?" என்று அப்பிச்சி வயதில் ஒருவர் கேட்பார். அவருக்கு நான் சொல்வது இதுதான்: "படத்துல தெரியற வரைக்கும் படத்துலயே பாத்துக்கறோமுங்க. போலீஸ் கேஸுங்கறதால முடிவு உள்ள இருக்கற டாக்டர் கையிலதானுங்க இருக்குது. மொகத்துல கை வைக்க வேண்டி வந்தா உங்ககிட்டச் சொல்லாம செய்ய மாட்டாங்க. ஸ்கேன் முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க, அது வரைக்கும் இங்கயே உக்காருங்க." கடைசியில் சொல்லும் நேரத்தைக் காப்பாற்றுங்கள். படமெடுப்பது சில நிமிட வேலை. ஏற்றி இறக்கி, எழுதி முடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அறுக்கவே மாட்டோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முடித்த பிறகு

பையின் முத்திரை எண், நேரம், போலீஸ்காரரின் கையெழுத்து. மேசை, பட்டைகள், தலையணை, பொத்தான்கள் வரை கிருமிநாசினியால் துடைத்து, சொல்லப்பட்ட நேரம் ஈரமாகவே விட்டு, பிறகு உலர விடுங்கள். துடைத்தவர் கையெழுத்திட்ட பிறகே அடுத்த நோயாளி. இந்த ஒன்றில் தவறினால் ஸ்கேன் மையம் மறுமுறை கதவைத் திறக்காது.

மறுநாள் காலை உடற்கூராய்வு நடக்கும்போது அந்த மேசையருகே போய் நில்லுங்கள். ரேடியோகிராபர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அனுமதி கேட்டால் பெரும்பாலான துறைத்தலைவர்கள் மறுக்க மாட்டார்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நான் படத்தில் கண்டது, கத்தி கண்டது, ஏன் வேறுபட்டது. மூன்றாவது பத்தியை அன்றே, அறையை விட்டு வெளியே வருவதற்குள், உடற்கூராய்வு மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.